ரெகுலேட்டரி பொறுப்பை யாரிடம் கொடுப்பது? வேலூர் வட்டார மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ மருத்துவக் கருவியும் அதற்கான மென்பொருளும் செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் ஆட்களின் எண்ணிக்கை முப்பது, நாற்பது என்று ஏறும்போது, ரெகுலேட்டரி பொறுப்புக்கு, அதாவது உரிமம் வாங்கி அரசு விதிகளுக்கு இணங்க நடப்பதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, யார் தலைமை ஏற்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போகிறது. அதுவரை நிறுவனரே இரவில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பியிருப்பார். தர உறுதிப் பொறியாளர் ஆடிட்டுக்கு முந்தைய வாரம் ஃபைல்களை அடுக்கியிருப்பார். புரியாத இடத்தில் பெங்களூருவில் உள்ள ஒரு கன்சல்டன்டைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டிருப்பார்கள். அடுத்த கருவி உருவாகி, ஐரோப்பாவிலிருந்து ஒருவர் விலை கேட்டு, பெரிய மருத்துவமனையின் கொள்முதல் பிரிவு உரிம நகலோடு இன்னும் பத்துக் காகிதம் கேட்கத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு தாங்காது.

நிறுவனரே தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். வேலை முழுவதையும் சென்னை அல்லது பெங்களூரு ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். பன்னாட்டு நிறுவனமொன்றில் பழுத்த மூத்தவரை நல்ல சம்பளத்தில் அழைத்து வரலாம். உள்ளே இருக்கும் ஒருவரை வளர்த்து அந்த நாற்காலியில் அமர்த்தலாம். இவற்றை ஒப்பிட ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம்: நாற்பது பேர்; நோயாளியின் உடலில் பொருத்தி நாடித் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் பார்த்து, நிலை மோசமானால் வார்டு சிஸ்டருக்கு அலாரம் கொடுக்கும் கருவி; இப்போது விற்பது பி வகுப்பு உரிமத்தில், உருவாகிவரும் அடுத்தது சி வகுப்பில் (அபாயம் ஏற ஏற ஏ, பி, சி, டி என்று விதிகள் கருவிகளை வகுக்கின்றன). இந்த நிலையில் உள்ள நிறுவனத்துக்கு நான்காவது வழியே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் அது எந்த நிபந்தனைகளில் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதுதான் முக்கியம்.

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிட வேண்டும். மருத்துவக் கருவி விதிகள், 2017, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. என்றாலும் 2020 பிப்ரவரி 11-ஆம் நாள் அறிவிக்கைக்குப் பிறகுதான், மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமாயிற்று. பி வகுப்பு உற்பத்தி உரிமத்துக்குச் சென்னையில் உள்ள மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் உற்பத்தி இடத்துக்கு 5,000 ரூபாய், கருவி ஒன்றுக்கு 500 ரூபாய். சி வகுப்பு விண்ணப்பம் டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகும். கட்டணம் 50,000 ரூபாயும், கருவிக்கு 1,000 ரூபாயும். அரசுக்குக் கட்டும் தொகை இந்த வேலையில் பெரிய செலவே அல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொன்று, வாங்கிய உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டி வந்தால் அது தொடரும். எனவே ‘உரிமம் வாங்கித் தருபவர்’ என்ற அளவில் மட்டும் ரெகுலேட்டரி தலைவரைத் தேடினால், முதல் ஆறு மாத வேலைக்கு ஆள் எடுத்துவிட்டு அதற்குப் பிந்தைய ஆண்டுகளை மறந்ததாகிவிடும். கருவி சந்தைக்குப் போன பிறகு அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து, இது விதிகளின் ஆறாம் அட்டவணைப்படி முன் ஒப்புதல் பெற வேண்டிய பெரிய மாற்றமா, செய்துவிட்டு 30 நாட்களுக்குள் தெரிவித்தால் போதுமான சிறிய மாற்றமா, இரண்டிலும் சேராததா என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுவதுதான் அந்த நாற்காலியின் அன்றாட வேலை. நான்கு வழிகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்: மாற்றம் பேசப்படும் அறைக்கு அந்த ஆள் எவ்வளவு அருகில் இருக்கிறார்?

ஒரு மாற்றத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நோயாளி இருமினாலும் புரண்டு படுத்தாலும் அலாரம் அடிக்கிறது, இரவுப் பணியில் தொல்லை தாங்கவில்லை என்று வார்டு சிஸ்டர்கள் சொல்கிறார்கள். சர்வீஸ் பொறியாளர் வந்து அதைச் சொல்ல, மென்பொருள் குழுவில் ஒருவர், அளவு குறைந்து 10 விநாடி கழித்து அடிக்கும் அலாரத்தை 20 விநாடி கழித்து அடிக்குமாறு மாற்றிவிடுகிறார். நிரலில் ஓர் எண்தான் மாறியது. அவருடைய குறிப்பில் ‘அமைப்பு மாற்றம், சிறியது’ என்று எழுதப்பட்டிருக்கும். அவர் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971 தரநிலையின் முறையில் தயாரித்த இடர் ஆவணத்தைத் திறந்தால், ‘அலாரம் தாமதமாவதால் ஆக்சிஜன் குறைவு கவனிக்கப்படாமல் போதல்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே கட்டுப்பாட்டு நடவடிக்கையாக அந்த 10 விநாடியே எழுதப்பட்டிருக்கும். பயனர் கையேட்டிலும் அந்த எண் அச்சாகியிருக்கும். செயல்திறனைத் தொடும் மாற்றம் என்ற கேள்வி அங்கே எழுகிறது. அந்தக் கேள்வி வெள்ளிக்கிழமை மாலை, புதிய பதிப்பு வெளியே போவதற்கு முன் எழுந்தால் ஒரு மணி நேர விவாதம். நூறு கட்டில்களில் ஏறிய பிறகு எழுந்தால் திரும்பப் பெறுதல்.

இதை வைத்து முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிறுவனர் அந்த அறையில் எப்போதும் இருக்கிறார். அருகாமையில் அவருக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பதிப்பை வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவமனைக்குக் கொடுப்பதாக வாக்களித்தவரும் அவரே. விற்பனையை முடுக்கும் கையும் அதை நிறுத்த வேண்டிய கையும் ஒன்றாக இருக்கும் ஏற்பாடு ஐந்து பேர் இருக்கும்வரை ஓடும். நாற்பது பேரில் ஓடாது.

ஆலோசனை நிறுவனம் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வழியல்ல. சென்னை காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். பெங்களூருவும் எட்டாத தொலைவில்லை. இரு நகரங்களிலும் அனுபவமுள்ள ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதல் டாசியரை (விண்ணப்பத்தோடு தரும் தொழில்நுட்ப ஆவணத் தொகுப்பு) எப்படி அடுக்குவது, உற்பத்தி இடத்தின் முதன்மை ஆவணத்தில் என்ன எழுதுவது, பி வகுப்புக்கு வரும் நோட்டிஃபைடு பாடி (அங்கீகாரம் பெற்ற தணிக்கை அமைப்பு) ஆடிட்டர் எதைத் தோண்டுவார், சி வகுப்புக்கு வரும் ஆய்வு அலுவலர்கள் எதைக் கேட்பார்கள் என்பதெல்லாம் பல நிறுவனங்களைப் பார்த்தவருக்கே தெரியும். முழுநேர ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தின் ஒரு பகுதிதான் செலவாகும். முதல் உரிமத்துக்கு ஆலோசகரை வைக்காதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. அலாரம் மாற்றத்தை ஆலோசகர் எப்போது அறிவார்? மாதாந்திரக் கூட்டத்தில், அதுவும் யாராவது ‘சிறியது’ என்று எழுதிய வரியை வாசித்துக் காட்டினால். பாதகமான நிகழ்வுகளிலும் இதே கதைதான். எதிர்பாராத கடுமையான பாதக நிகழ்வு என்று சந்தேகம் எழுந்தால், அது உரிமதாரரின் கவனத்துக்கு வந்த 15 நாட்களுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வார்டிலிருந்து சர்வீஸ் பொறியாளருக்கு அழைப்பு வந்தபோதே நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் எந்த அதிகாரியும் எடுத்துக்கொள்வார். ஆலோசகரின் மின்னஞ்சல் பெட்டிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த நாளை யாரும் கணக்கில் கொள்ளப்போவதில்லை. பொறுப்பு உரிமதாரருடையது, ஆலோசகர் ஆலோசனை மட்டுமே சொன்னவர்.

இந்த வழியில் இன்னொரு நடைமுறைக் கண்ணியும் இருக்கிறது. சிறிதாகத் தோன்றினாலும் பிறகு வலிக்கும். இணைய வழி விண்ணப்பத் தளத்தில் நிறுவனத்தின் கணக்கு ஆலோசகருடைய மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் பதிவாகியிருக்கும். ஒப்பந்தம் முறியும் நாளில் கடவுச்சொல் அவரிடம், ஓ.டி.பி. அவருடைய கைபேசிக்கு, கேள்விக் கடிதங்களும் அவருடைய பெட்டியில். ஆலோசகரை எந்த அளவில் வைத்தாலும் அந்தக் கணக்கு முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் இருக்க வேண்டும். டாசியரின் திருத்தக்கூடிய மூலக் கோப்பும், அச்சுப்படி மட்டுமல்லாமல், நிறுவனத்தின் சர்வரில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, வெளியிலிருந்து மூத்தவரை அழைப்பது, பார்க்கக் கம்பீரமானது. முதலீட்டாளருக்குக் காட்டவும் நன்றாக இருக்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சந்தை நெடுங்காலம் இறக்குமதிக் கருவிகளையே பெரிதும் நம்பியிருந்தது. ஆகவே பன்னாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகளில் பதினைந்து ஆண்டு ரெகுலேட்டரி அனுபவம் பெற்றவர்களில் பலருடைய வேலை, தாய் நிறுவனம் அனுப்பிய முழுமையான ஆவணத்தை எடுத்து எம்.டி.14 விண்ணப்பத்துக்குப் பொருத்தி, எம்.டி.15 இறக்குமதி உரிமம் வாங்குவதாக இருந்திருக்கும். அது எளிய வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆவணத்தை வெற்றுத்தாளிலிருந்து உருவாக்குவது, வடிவமைப்புப் பொறியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சோதனையைக் கோத்து எழுதுவது, மருத்துவ மென்பொருள் உருவாக்கத்துக்கான ஐ.இ.சி. 62304 தரநிலையின் முறையில் பாதுகாப்பு வகுப்பை முடிவு செய்வது ஆகியவை வேறு வகைத் திறமை. தற்குறிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நேர்காணலில் சான்றிதழ்களைப் பார்ப்பதைவிட, மேலே சொன்ன அலாரம் குறிப்பையும் இடர் ஆவணத்தின் இரண்டு பக்கத்தையும் கையில் கொடுத்து, படிக்க அரை மணி நேரம் விட்டு, என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வியாக ‘இந்தப் பதிப்பு வெளியே போய்விட்டதா?’ என்று கேட்பவர் உருவாக்கத் தெரிந்தவர்.

அடுத்தது, அவர் வேலூருக்கு வருவாரா என்பது. வெயிலைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவில்லை, சி.எம்.சி.யும் வி.ஐ.டி.யும் நாடெங்கிலுமிருந்து ஆட்களை இங்கே இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் துணைவரின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பெங்களூருவில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர், திங்கள் காலை ரயிலில் வந்து வியாழன் மாலை திரும்புகிறேன் என்று ஒப்புக்கொள்வார். ஆறு மாதத்தில் அது செவ்வாய், புதன் ஆகும். பிறகு வீடியோ அழைப்பாகும். அப்போது நிறுவனத்துக்குக் கிடைப்பது மூத்தவரின் சம்பளத்தில் ஓர் ஆலோசகர். மேலும், அவருக்குக் கீழே ஆவணம் எழுத ஒருவர், சோதனை அறிக்கை திரட்ட ஒருவர் என்று ஒரு துறையே இருந்த பழக்கம். இங்கே அவரே தலைவர், அவரே எழுத்தர்.

இருந்தாலும் மூத்தவரால் மட்டுமே கிடைக்கும் ஒன்று இருக்கிறது: வேண்டாம் என்று சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். உள்ளிருந்து வந்தவர் பெரும்பாலும் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

அந்த நான்காவது வழிக்கு வருவோம். நம் கற்பனை நிறுவனத்தில் அந்த ஆள் யார்? அநேகமாக, உயிர்மருத்துவப் பொறியியல் படித்து, சில காலம் மருத்துவமனையில் கருவிப் பராமரிப்பில் இருந்து, இங்கே தர உறுதிக்கு வந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆனவர். விதிகள் கேட்கும் தகுதி எட்டாத உயரத்தில் இல்லை. உற்பத்தியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பணியாளருக்குப் பொறியியல், மருந்தியல் அல்லது அறிவியலில் பொருத்தமான பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 ஒழுங்குமுறை, 15-ஆவது பிரிவில், இணக்கத்துக்குப் பொறுப்பான நபர் ஒருவரைக் கட்டாயமாக்குகிறது; அவருக்கும் சட்டம், மருத்துவம், மருந்தியல், பொறியியல் போன்றவற்றில் பட்டமும் ரெகுலேட்டரி அல்லது தர மேலாண்மையில் ஓராண்டு அனுபவமும், அல்லது பட்டமின்றியே நான்காண்டு அனுபவமும் போதும். ஆக, நம் தர உறுதிப் பொறியாளர் காகிதத்தில் இப்போதே தகுதி உடையவர்.

அதே பிரிவு, 50 பேருக்குக் குறைந்த சிறு நிறுவனங்களுக்கு ஒரு சலுகையும் தருகிறது: அந்த நபர் நிறுவனத்துக்குள் இருக்க வேண்டியதில்லை, ஆனால் நிரந்தரமாகவும் இடைவிடாமலும் நிறுவனத்தின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நாற்பது பேர் நிறுவனம் இந்தச் சலுகையைக் காட்டி ஆலோசகரிடம் விட்டுவிடலாம் என்று தோன்றும். வளரும் நிறுவனம் என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும். ஆட்கள் ஐம்பதைத் தொட்டதும் சலுகை போய்விடும், அன்றைக்கு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு கூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மருந்து மூலப்பொருள் ஆலைகளில் தர உறுதிப் பணியில் இருந்தவர்கள். வெளிநாட்டு ஆய்வாளர் முன் உட்கார்ந்து பதில் சொன்ன அனுபவமும், எழுதாத வேலை செய்யாத வேலைதான் என்ற ஒழுக்கமும் அவர்களிடம் இருக்கும். அவர்கள் பழகியது மாறாத செய்முறையில் பேட்ச் பேட்சாக வரும் பொருள். மாதத்துக்கு ஒருமுறை மாறும் மென்பொருளைக் கண்டால் முதலில் திகைப்பார்கள். எனினும் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுப்பதைவிட மென்பொருள் வாழ்க்கைச்சுழற்சியைக் கற்றுக்கொடுப்பது எளிது. உள்ளே பொருத்தமானவர் இல்லையென்றால் நான் அங்கேதான் முதலில் தேடுவேன். கடல் கடந்த விதி ஒன்று பாலாற்றங்கரையின் பிழைப்பை உலுக்குவதும் இங்கே புதிதில்லை. ஜெர்மனி 1989-இல் தோல் கெடாமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலையும் 1994-இல் சில அசோ சாயங்களையும் தடை செய்தபோது ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் ரசாயனத்தையே மாற்ற நேர்ந்தது. 2015 மே முதல் ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருளில் ஆறிணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற விதியையும் இதே ஊர்கள்தான் சோதனை அறிக்கையோடு எதிர்கொள்கின்றன. வாங்குபவர் கேட்கும் காகிதத்தின் மதிப்பை இவ்வட்டாரத்து ஆட்களுக்கு முதல் பாடத்திலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளிருந்து வளர்ப்பதன் பெரிய பலம் அருகாமை. நிறுவனம் காட்பாடி வாடகைக் கட்டடம் போதாமல் சிப்காட் ஷெட்டுக்கு மாறலாம் என்று பேசும்போது அவர் அதே மேசையில் இருப்பார். உற்பத்தி இடத்தின் முகவரி மாறுவதும் ஆறாம் அட்டவணையில் பெரிய மாற்றம்தான். ஒப்புதல் வரும்வரை புதிய ஷெட்டில் செய்த கருவியை விற்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சொல்பவருக்கும், அதற்கு முன்பே சொல்பவருக்கும் இடையே பல மாத வாடகை வேறுபாடு இருக்கிறது. அடுத்த கருவியைச் சோதனைக்காகச் சிறு அளவில் செய்வதற்கே எம்.டி.13 அனுமதி வேண்டும் என்பதையும், முதல் மாதிரியைச் செய்வதற்கு முன் சொல்ல வேண்டியவர் அவரே.

அறிவுக் குறை இருக்கவே செய்யும். குறிப்பாக வெளிநாட்டுச் சந்தைகளில். அதை ஆலோசகரிடமிருந்து பணி அடிப்படையில் வாங்கலாம். ஐரோப்பாவில் அங்கேயே உள்ள அதிகாரம் பெற்ற பிரதிநிதியும் அமெரிக்காவில் அங்கேயே உள்ள முகவரும் எப்படியும் வேண்டும். அவை வெளியாளுக்குத்தான் போகும். தர மேலாண்மையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தன் பழைய தர விதியை மாற்றி, 2026 பிப்ரவரி 2 முதல் மருத்துவக் கருவிகளுக்கான தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 13485:2016-ஐ அடிப்படையாகக் கொண்டிருப்பதால், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு தர முறைகளை அவர் சுமக்க வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டினால் எஃப்.டி.ஏ. ஆய்வு வராது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது, வரும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தொடர்பான வேலையை இவர் தலையில் கட்டாதீர்கள். அதற்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

அதிகாரக் குறைதான் கடினமானது. நேற்றுவரை ‘தம்பி, அந்த ஃபைலைக் கொண்டா’ என்று கூப்பிட்டவரிடம் போய், இந்தப் பதிப்பு இன்றைக்குப் போகாது என்று அவரால் சொல்ல முடியுமா? பதவிப் பெயரை மாற்றினால் மட்டும் இது தீராது. நியமனக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன். அவர் நிர்வாக இயக்குநருக்கு நேரடியாகப் பதில் சொல்பவர். கருவிப் பிரிவுத் தலைவருக்குக் கீழே இல்லை. அவருடைய கையெழுத்து இல்லாமல் எந்தப் பதிப்பும் எந்த லேபிளும் வெளியே போகாது. அவர் நிறுத்தியதை விடுவிக்க நிர்வாக இயக்குநர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடமையைச் செய்ததற்காக அவருக்கு எந்தப் பாதகமும் நேராது. ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 15-ஆவது பிரிவே இதைச் சொல்வதால், அதை இங்கேயும் எழுதி வைப்பதில் யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. கூடவே, அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் கையெழுத்திடும் இரண்டாம் நபரின் பெயரும் வேண்டும். இல்லையென்றால் ஒரு கல்யாண வாரத்தில் டெஸ்பாட்ச் முழுவதும் நின்றுவிடும், அல்லது நிற்காமல் போகும். இரண்டாவது இன்னும் மோசம்.

செலவை ஒப்பிட்டால், உள்ளாளின் உயர்த்திய சம்பளமும் முதல் ஓரிரு ஆண்டுகள் மாதத்துக்குச் சில நாட்கள் ஆலோசகரும் சேர்ந்தாலும், மூத்தவரின் சம்பளத்துக்குக் கீழேதான் நிற்கும். ஆலோசகரின் ஒப்பந்தத்தில் ‘விண்ணப்பம் தயாரித்துத் தருதல்’ என்று எழுதாமல், ‘நிறுவனத்தின் பொறுப்பாளர் தயாரிப்பதைப் பார்த்துத் திருத்துதல்’ என்று எழுதினால் அந்தப் பணம் நிறுவனத்துக்குள் அறிவாகத் தங்கும். ஆள் வளர்ந்த பிறகு பெங்களூருக்கு ஓடிவிட்டால்? ஓடலாம். மூத்தவரும் ஓடலாம், ஆலோசகர் முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறார். ஓடினால் மிஞ்ச வேண்டியது மாற்றப் பதிவேடும் அதில் ஒவ்வொரு முடிவுக்கும் எழுதிய காரணமும். அவை சரியாக இருந்தால் அடுத்தவர் அவற்றைப் படித்துத் தொடர முடியும்.

இந்தத் தேர்வு தலைகீழாக மாறும் இடங்களும் உண்டு. கருவி டி வகுப்பில், உடலுக்குள் பொருத்தப்படுவதாக இருந்தால், கற்றுக்கொண்டே செய்வதற்கு அங்கே இடமில்லை. அதை ஏற்கெனவே செய்து முடித்த மூத்தவர் தொடக்கத்திலிருந்தே வேண்டும். இந்தியாவுக்கு முன் அமெரிக்காவில் விற்பதே திட்டம் என்றாலும் அப்படித்தான். ஒப்பிடத்தக்க முன்னோடிக் கருவியைத் தேர்ந்து எஃப்.டி.ஏ.வின் சந்தை அனுமதிக்கான 510(கே) விண்ணப்பத்தை வடிவமைக்கும் முடிவு கருவியின் வடிவத்தையே தீர்மானித்துவிடும், அதைப் பின்னால் திருத்த முடியாது. அந்த நிலையில் மூத்தவர் வேலூருக்கு வர மறுத்தால், அவருக்காகப் பெங்களூருவில் ஒரு சிறு அலுவலகம் எடுத்து, வடிவமைப்புக் குழுவில் இருவரை அவரோடு உட்கார வைப்பதே, அவரை வாரம் இரண்டு நாள் காட்பாடிக்கு வரவழைப்பதைவிட மேல்.